கீழறைத் தொட்டியும் கழிநீர்க் குழாயும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் மலைச்சரிவை வெட்டியே வீடுகள் எழுகின்றன. பாதையோரத்தில் மேல்வீடு, அதன் கீழே, சரிவில், ஓர் அறை. அவ்வறையில் துணி துவைக்கவும் மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி முதலியவற்றைக் கழுவவும் ஒரு தொட்டி அமைப்பது நல்லதே. அதன் நீரை முன்பே உள்ள கழிநீர்க் குழாயில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பிழை.

அப்பிழையை நானும் செய்தேன். அடுக்களைக் குழாயுடன் தொட்டியை நேரே இணைத்தேன். மறுநாளே அறையில் துர்நாற்றம் வீசிற்று. பின்னர் ஓர் அடைமழை நாளில் வெளியே குழாய் அடைபட, மேல்வீட்டு எச்சில் நீரெல்லாம் கீழ்த்தொட்டியிற் பொங்கி நின்றது.

துர்நாற்றத்துக்குக் காரணம் தொட்டியின் அடியில் நீர்வளைவு இல்லாமை. வளைந்த குழாயில் 2 அங்குல ஆழத்துக்கேனும் எப்போதும் நீர் தங்கினால், அதுவே கெட்ட காற்றை மறிக்கும் கதவாகும். 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் நோய் தொற்றியது. தரை வடிகால்களின் வளைவுகளில் நீர் வற்றியிருந்தமை அதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர் கண்டனர். ஆதலால், அதிகம் பயன்படாத தொட்டியில் வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீர் ஊற்றுதல் வேண்டும். நிறைந்த தொட்டியின் நீர் ஒருசேரப் பாயும்போதும் வளைவு நீரை இழுத்துச் சென்றுவிடும். அதைத் தடுக்க, வளைவை அடுத்து ஒரு காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்துக. கழிநீர்க் குழாய் அடிக்குக் கால் அங்குலம் வீதம் தாழ்ந்து செல்லட்டும்.

பொங்கியதற்குக் காரணம் மட்டம். குழாய்கள் கூடும் வெளிக்குழியின் மூடி தொட்டியின் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால், அடைப்பு நேரினும் நீர் வெளியே வழியும். உயர்ந்திருந்தால் அறைக்குள்ளேயே வழியும். அத்தகைய இடத்தில் இணைப்பைக் கைவிட்டு, தொட்டி நீரைத் தனிக்குழாயில் கீழே கொண்டுசென்று, கல் நிரப்பிய உறிஞ்சுகுழியில் விடுவதே தக்கது.

அக்குழியை வெட்டிய சரிவின் தலையில் தோண்டலாகாது. மண்ணில் ஊறிய நீர் மலையையே பெயர்க்கும் என்பதை 2016 மே மாதத்து அரநாயக்க மண்சரிவு நமக்குக் காட்டிற்று. மழைநீர்க் கானிலும் விடலாகாது. அக்கான் ஓடையைச் சேரும். அவ்வோடையின் கீழே யாரோ ஒரு தாய் பீலியிற் குடம் வைத்து நிற்கிறாள்.

ஆகவே நேயர்களே, குழாய் வாங்கக் கடைக்குச் செல்லுமுன், நம் வீட்டு நீர் போகும் வழியைக் கீழ்லயம் வரை ஒருமுறை நடந்து பார்ப்போமாக.