வளரும் குடும்பமும் வளராத வாகனமும்

கனடாவில் குடியேறிய எம்மவர்களின் கோடைகாலப் பயணங்கள் பெரும்பாலும் உறவினர் வீடுகளை நோக்கியே அமைகின்றன. மொன்றியலில் உள்ளோர் ரொறன்ரோ செல்வதும், அங்குள்ளோர் இங்கு வருவதும் வழக்கம். எனினும் இம்மாகாணத்தின் ஏரிகளையும் மலைகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் சிலர், படுக்கையும் சிறு அடுப்பும் பொருத்திய வான் ஒன்றில் புறப்படுகின்றனர். ஒரு பிள்ளையோடு இனிதே தொடங்கும் இவ்வழக்கம், மூன்றாவது பிள்ளை பிறந்ததும் அல்லது ஊரிலிருந்து அம்மம்மா வந்து சேர்ந்ததும் சிக்கலாகிவிடுகின்றது. வாகனத்தை மாற்றாமல் அனைவரையும் அதற்குள் அடக்குவது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

இத்தகைய வாகனங்களுக்கு முன்னோடி ஜேர்மனி நாட்டின் வொல்க்ஸ்வாகன் வான் ஆகும். அதனுள்ளே படுக்கையும் அலுமாரியும் அமைக்கும் வேலையை வெஸ்ற்பாலியா என்னும் நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1980 முதல் 1991 வரை வட அமெரிக்காவில் 'வனகன்' என்னும் பெயரில் விற்கப்பட்ட வகையின் நீளம் நாலரை மீற்றருக்குச் சற்றே அதிகம். அகலம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. பின்னிருக்கையை விரித்தால் இருவரும், கூரையை உயர்த்தினால் மேலே இருவரும் உறங்கலாம். இன்று விற்கப்படும் சிறிய வான்களும் பெரும்பாலும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

நால்வர் உறங்கலாம் என்று கேட்டதும் பலர் செய்யும் கணக்கு, "பிள்ளைகள் சிறியவர்கள்தானே, இன்னுமொருவரை நெருக்கிப் படுக்க வைக்கலாம்" என்பது. கணக்கு அங்கேயே பிழைக்கின்றது. வாகனத்தில் இரவுக்கு ஓர் எண்ணிக்கையும் பகலுக்கு வேறோர் எண்ணிக்கையும் உண்டு. இரவில் எத்தனை பேர் படுக்கலாம் என்பது பாயும் தலையணையும் பற்றிய விடயம். பகலில் எத்தனை பேர் ஓடும் வாகனத்தில் இருக்கலாம் என்பதோ உயிர் பற்றிய விடயம். அதனைத் தீர்மானிப்பவை ஆசனப்பட்டிகளே. ஒரு பட்டிக்கு ஒருவர். மடியில் வைத்திருப்பதும், பின்னால் மெத்தையில் படுக்க வைத்து ஓட்டுவதும் கூடவே கூடா. எம்மிற் சிலர் நீண்ட இரவுப் பயணங்களில் இதனைச் சாதாரணமாக எண்ணிவிடுகின்றனர். சடுதியாகத் தடையை அழுத்தும்போது தளர்வாயிருக்கும் உடல் முன்னோக்கி எறியப்படும் என்பதை, எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மாணவரே வீட்டில் விளக்கலாம்.

கியூபெக் சட்டப்படி, 2019 ஏப்ரல் 18 முதல், 145 சென்ரிமீற்றர் உயரத்தை அல்லது ஒன்பது வயதை அடையும்வரை பிள்ளை அதற்குரிய சிறுவர் ஆசனத்திலேயே இருத்தல் வேண்டும். மூன்று சிறுவர் ஆசனங்கள் ஒரே பின்னிருக்கையில் அடங்குவது அரிது. மேலும், பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் ஆசனத்திற்கு இடுப்பையும் தோளையும் ஒருசேரப் பிணைக்கும் பட்டி தேவை. பழைய வான்களின் பின்பகுதியில் இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கக்கூடும். பக்கவாட்டில் பார்த்தபடி அமைந்த இருக்கைகளில் சிறுவர் ஆசனத்தைப் பூட்டலாகாது. ஆகவே வாங்கும்போது மெத்தையை அழுத்திப் பார்க்கும் முன்னர், பட்டிகளை எண்ணுங்கள். பட்டி போதாதெனில் இரண்டாவது காரில் ஒரு பகுதியினர் வருவதே நேரிய வழி. பலகை அடித்துத் தாமே இருக்கை பொருத்துவோரின் திறமையை மெச்சலாம். அந்த இருக்கையில் பிள்ளையை அமர்த்துவதை மெச்ச இயலாது.

அடுத்தது பாரம். அண்மைக்கால வாகனங்களில், ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டலாகாது என்பது சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் ஆண்டுதோறும் பாரம் கூடுகின்றனர். அந்த எண் கூடுவதில்லை. தொட்டியில் 50 லீற்றர் நீரை நிரப்பினால் 50 கிலோ ஏறிவிட்டது. தங்குமிடத்தில் நீர் கிடைக்குமாயின் அதனை இங்கிருந்து சுமப்பானேன்? ஐந்து சட்டிகளும் அம்மியும் இல்லாமற் சமையல் இல்லை என்று வாதிடும் வீடுகள் உண்டு. ஒரு குக்கரும் ஒரு தாச்சியும் மூன்று நாட்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

இரவுப் பிரச்சினைக்கு விடை எமது ஊரிலேயே இருக்கின்றது. வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கூடாரம் போட்ட மாட்டு வண்டில்களில் குடும்பங்கள் சென்ற காலத்தில், எல்லோரும் வண்டிலுக்குள்ளா உறங்கினர்? வண்டில் ஆட்களையும் பானை சட்டிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இறங்கியபின் குடும்பம் வண்டிலின் கீழும் மரத்தடியிலும் பாய் விரித்துப் பரவிக்கொண்டது. வானுக்கும் இதுவே பொருந்தும். அதனருகே ஒரு கூடாரம் அடித்தால் வளர்ந்த பிள்ளைகள் இருவர் அங்கே உறங்கலாம். அம்மம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. ஏணி ஏற அஞ்சாத நடுப்பிள்ளைக்கு மேற்படுக்கை. விழாதபடி வலை கட்டவேண்டும், படுக்கை தாங்கும் நிறையையும் பார்க்கவேண்டும். கைக்குழந்தையைப் பெரியவர்கள் நடுவே நெருக்கிக் கிடத்தாது, தட்டையான தனிப் படுக்கையில் கிடத்துதல் அவசியம்.

கூடாரத்தில் உணவு வைத்தலாகாது. இங்குள்ள காடுகளில் கருங்கரடியும் ரக்கூனும் உண்டு. முறுக்கின் வாசனை அவற்றுக்கும் பிடிக்கும். உணவு முழுவதும் பூட்டிய வாகனத்துள் இருக்கட்டும். சமையலோ வெளியே நடைபெறட்டும். மூடிய வானுக்குள் புட்டு அவித்தால் கண்ணாடிகளில் நீர் வழிந்து மெத்தை நனையும். அதனினும் பெரிய ஆபத்து, எரியும் அடுப்பிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிப்பதற்கு முன்னரே உயிரைப் பறிக்கும். குளிர் காய்வதற்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ வானுக்குள்ளும் கூடாரத்துள்ளும் ஒருபோதும் மூட்டாதீர்கள். ஒகஸ்ட் இறுதியில் மலைப்பகுதியின் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கலாம். அதற்குக் கம்பளிப் போர்வையே மருந்து. காபனோரொட்சைட்டை அறிவிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையருகே பொருத்துங்கள். புரொப்பேன் வாயு காற்றிலும் பாரமானதால், அதற்குரிய கருவி தரையருகே இருத்தல் வேண்டும். 1967இல் திறக்கப்பட்ட லா பொன்ரேன் சுரங்கப்பாதை போன்றவற்றில் எரிவாயுக் கொள்கலன்களுக்குக் கட்டுப்பாடு உண்டென்பதால், விதியைப் படித்தபின் பாதையைத் தெரிவுசெய்க.

வாங்கும் முன்னர் செய்யக்கூடிய ஒரு பரீட்சை உண்டு. மாணவர்களுக்கு இது விளையாட்டாகவும் அமையும். வானின் உள் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, வீட்டு வரவேற்பறையில் ஒட்டுநாடாவினால் எல்லையிட்டு, குடும்பம் முழுவதும் ஒரு மாலைப்பொழுதை அதற்குள்ளேயே கழித்துப் பாருங்கள். யாருடைய சப்பாத்து எங்கே போகும், நள்ளிரவில் எழுபவர் யாரை மிதிப்பார் என்பன உடனே விளங்கிவிடும்.

முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பேர்சே பாறையைப் பார்க்க எண்ணவேண்டாம். யூலை இறுதியில் வரும் கட்டடத் தொழிலாளர் விடுமுறையின் இரு வாரங்களும் தங்குமிடங்கள் நிரம்பி வழியும். அவற்றைத் தவிர்ப்பது நன்று. ஓக்கா பூங்கா நகரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஏரிக்கரையும் மணலும் உண்டு. நள்ளிரவில் மழை பிடித்துக் கூடாரம் ஒழுகினாலும், எல்லோரும் அவரவர் பட்டியைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்திற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.