மணற்படுகையில் வாழும் காவலர்

முனைவர் பட்டத்திற்கு எதை ஆராய்கிறாய் என்று கேட்போர்க்கு, "குடிநீரை வடிகட்டும் மணலை" என்று நான் விடை கூறுவதுண்டு. "மணலில் என்ன ஆராய்ச்சி? சல்லடை தவிட்டைத் தடுப்பதுபோல மணல் கிருமியைத் தடுக்கிறது, அவ்வளவுதானே?" என்பர். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்விளக்கம் நிலைபெறாது.

மணலின் குறுக்களவு 0.15 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அத்தகைய உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் அளவுள்ள பொருள் புகுந்து செல்ல இடமிருக்கும். வாந்திபேதியை விளைக்கும் காலராக் கிருமியின் நீளமோ சுமார் 0.002 மில்லிமீட்டர்தான். திறந்து கிடக்கும் கோபுரவாயிலில் ஆட்டுக்குட்டி நுழைவதுபோல அது எளிதில் நுழைந்துவிடலாம். ஆயினும் பெரும்பாலும் நுழைவதில்லை.

இதற்குச் சான்று 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிடைத்தது. ஹாம்பர்க் நகரமும், அந்நாளில் தனி நகரமாயிருந்த ஆல்டோனாவும் ஒட்டியே அமைந்திருந்தன. இரண்டும் எல்பே ஆற்றின் நீரையே பருகின. ஹாம்பர்க் அதனை வடிகட்டாமல் வழங்கியது. ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின் கீழே ஓடிவரும் நீரையே எடுத்தது. ஆனால் மணலில் வடித்து வழங்கியது. அவ்வாண்டு காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,600 பேருக்கு மேல் மாண்டனர். ஆல்டோனாவோ பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு புறத்து வீடுகளில் நோய், மறுபுறத்தில் இல்லை! மடிந்தோர்க்குப் பயன்படாமல், 1893ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் ஹாம்பர்க்கின் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அந்த மணலில் நிகழ்வது என்ன? சுமார் ஒரு மீட்டர் ஆழமுள்ள மணலின் மேல் நீர் தேங்கி நின்று, மணிக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு சாண் அளவே, கீழிறங்குகிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் அமைந்தவையும் இவ்வகைப் படுகைகளே. சில நாட்களிலோ வாரங்களிலோ மணலின் மேல் வழவழப்பான படலம் ஒன்று படரும். ஜெர்மானியர் இதற்கு 'ஷ்முட்ஸ்டெக்கே', அதாவது அழுக்குப் போர்வை, என்று பெயரிட்டனர். என் கருத்தில் இது நன்றி கெட்ட பெயர். பாசிகளும் பாக்டீரியாக்களும் ஓரணு உயிர்களும் நிறைந்த ஊர் அது. நீரில் வரும் கிருமிகள் அங்குள்ள பசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஓரணு உயிர்கள் அவற்றை மேய்கின்றன. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரசுகளும் சிலவற்றைச் சிதைக்கின்றன. இந்த ஊர் மேற்பரப்போடு முடிவதில்லை. கீழேயுள்ள மணிகளிலும் குடிகள் உண்டு.

இவற்றுள் முதன்மையானது எது என்று அறிவதே எம்போன்றோரின் தொழில். உயிருள்ள மணலை ஒரு குழாயிலும், உயிர் நீக்கிய அதே மணலை மற்றொன்றிலும் இட்டு, ஒரே நீரை ஊற்றி ஒப்பிடுகிறோம். உயிர் நீக்கிய மணல் கிருமிகளை மிகுதியாகத் தப்பவிடும். அங்கு வாழ்வோரைக் கணக்கெடுப்பதுதான் கடினம். அவற்றுள் மிகப் பல ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. ஆதலின் அவற்றின் மரபுப்பொருளைப் பிரித்துப் படிக்கிறோம். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கனமான கரியணுக்களால் அடையாளமிட்ட பாக்டீரியாக்களைப் படுகையில் விட்டு, அந்தக் கரி பின்னர் எவ்வுயிர்களின் உடலில் சேர்ந்தது என்று தேடினர். ஓரணு உயிர்களின் மேய்ச்சலே கிருமி நீக்கத்திற்குப் பெரும்பங்கு தருவதாகக் கண்டனர்.

படலம் தடித்தால் நீர் இறங்காது. அப்போது மேல்மணலில் ஓரிரு சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முந்திய ஆண்டில் தப்பிய ஆல்டோனாவிலேயே 1893ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சிறிய அளவில் காலரா தோன்றியது. ராபர்ட் கோக் ஆராய்ந்து, சுத்தம் செய்கையில் உறைபனியால் பழுதுற்ற ஒரு படுகையே காரணம் என்று கண்டார். ஒவ்வொரு படுகையின் நீரையும் நாள்தோறும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்றும், ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கிருமிகளுக்கு மேல் இருப்பின் அந்நீர் நகருக்குச் செல்லலாகாது என்றும் அவர் வலியுறுத்தினார். சுரண்டிய படுகையில் ஊர் மீண்டும் குடியேறும் வரை, அதிலிருந்து முதலில் வரும் நீரை வெளியே விட்டுவிடுவது வழக்கம்.