உங்களுக்குத் தெரியுமா? – ஊசியும் நூலும்

● தையல் நூலுக்குப் பேர்போன ‘மதுரா கோட்ஸ்’ நிறுவனத்தின் வேர் மதுரையில் இல்லை, பாபநாசத்தில் இருக்கிறது! 1880-களில் ஹார்வி சகோதரர்கள் அதையொட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய பஞ்சாலையின் இயந்திரங்களைச் சுழற்றியது தாமிரபரணித் தண்ணீர்தான்.

● 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் நினைவிருக்கிறதா? அந்த ஆலையும் ஹார்விகளுடையதே. இந்த ஆலைகள் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது 1974-இல்.

● இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் கால்டுவெல்லின் மனைவி எலைசா. நாகர்கோவிலில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் திருமணமாகி வந்தவர், தாய் மார்த்தா மால்ட்டிடமிருந்து கிடைத்த கைத்தொழிலையும் உடன் கொண்டுவந்தார்.

● இந்த லேஸ் பின்ன ஊசியும் வேண்டாம், துணியும் வேண்டாம்! கெட்டியான தலையணைமேல் பூ வேலை குத்திய அட்டையை வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி செருகி, பாபின்களில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

● நாகர்கோவிலில் அடிமைகளாக இருந்த சில பெண்கள், லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது அதற்கெல்லாம் பிறகு, 1855-இல்தான்.

● நம்மவர் கையில் ஊசி ஏறியது வெள்ளைக்காரர் வந்த பிறகு என்று எண்ண வேண்டாம். கீழடி அகழாய்வில் தக்களிகளோடும் கூர்முனை எலும்புக் கருவிகளோடும் செப்பு ஊசியும் கிடைத்திருக்கிறது.

● ஒருகாலத்தில் உலகம் பயன்படுத்திய ஊசிகளில் பெரும்பங்கு இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஒரே ஊரிலிருந்து போனது. அங்கே ஊசிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

● கைஊசிக்குக் காது தலையில். மிஷின் ஊசிக்கோ முனைப்பக்கம்! மேல்நூலைத் துணிக்குக் கீழே இறக்கி, பாபின் நூலோடு கோத்துவிட அதுவே வசதி.

● இயந்திரமோகத்தை எதிர்த்த காந்தி, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். 1924-இல் அந்தப் பதிலைக் கேட்டு வாங்கிய மாணவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் அவர்தான்.