விடுமுறையில் நம் வண்ண மீன்கள்

பத்தாம் வகுப்பு மாணவி, உளுந்தூர்பேட்டை



கோடை விடுமுறை என்றதும் நம் உள்ளம் துள்ளிக் குதிக்கிறது. கடைசித் தேர்வு முடிந்த அன்றே பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறோம். சன்னல்களைச் சாத்துகிறோம், கேஸை மூடினோமா என்று இருமுறை பார்க்கிறோம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லி வைக்கிறோம். ஆனால் கூடத்து மூலையில், கண்ணாடித் தொட்டிக்குள் நம்மையே பார்த்துக் கொண்டிருக்கும் மீன்களுக்கு என்ன ஏற்பாடு செய்கிறோம்? நாய்க்குப் பசித்தால் குரைக்கும். கன்றுக்குப் பசித்தால் கத்தும். மீனோ வாயிருந்தும் ஓசையில்லாத உயிர். அதற்காக நாம்தான் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் புத்தகம் படித்து மட்டும் எழுதவில்லை, பட்டறிந்து எழுதுகிறேன். என் தந்தை ஒருமுறை சென்னைக்குச் சென்றபோது, அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற கொளத்தூரிலிருந்து இரண்டு தங்கமீன்களும் நான்கு கறுப்பு மோலிகளும் வாங்கி வந்தார். பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணத்தையும் தாங்கி அவை நலமாக வந்து சேர்ந்தன.

நான் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பத்து நாள் சென்றோம். புறப்படும் அவசரத்தில், பக்கத்து வீட்டு ஆயாவிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுத்து, “ஆயா, மீனுக்குக் கொஞ்சம் போடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீர் கழுநீர்போல் வெளுத்திருந்தது. ஐந்து மீன்கள் இறந்துவிட்டன. ஒரே ஒரு மோலி மட்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. டப்பாவில் ஒரு துகள் தீனியும் இல்லை. ஆயா கண் கலங்கிச் சொன்னார்கள்: “மேல வந்து வாயத் தொறந்து தொறந்து கேட்டுது கண்ணு. பசிக்குதாக்கும்னு இன்னும் கொஞ்சம் போட்டேன். பாக்கப் பொறுக்கல.”

அதன்பின் பல நாள் ஆயா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நானும் உள்ளுக்குள் அவர்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் நடந்ததைக் கூறினேன். அவர்கள் விளக்கிய பிறகுதான் குற்றம் யாருடையது என்று எனக்குப் புரிந்தது.

பசியா, மூச்சுத் திணறலா?

மீன்கள் மேலே வந்து வாய் திறந்தது பசியால் அன்று, மூச்சுத் திணறலால். அவை உண்டது போக மிஞ்சிய தீனி அடியில் தங்கி அழுகியது. அழுகும்போது நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குடித்துவிட்டன. நீர் வெளுத்ததற்கும் அவையே காரணம். ஆயா இரக்கப்பட்டு மேலும் தீனி போடப் போட, மீன்களின் மூச்சு மேலும் அடைபட்டது.

இன்னொரு கேடும் உண்டு. அழுகிய தீனியிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நஞ்சு மீனின் செவுள்களைப் புண்ணாக்குகிறது. நன்கு பழகிய தொட்டியில், மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆனால் அவற்றின் வேலைக்கும் ஓர் அளவு உண்டு. திடீரென்று தீனி குவிந்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

1850-ஆம் ஆண்டளவில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரு தொட்டியில் வைத்துச் சோதனை செய்தார். செடியின் இலைகள் அழுகியதும் நீர் கலங்கியது. அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்ட பிறகே தொட்டி சீரடைந்தது. ஆகவே மீன் தொட்டி என்பது ஒரு சிறிய சமநிலை. அதை முதலில் குலைப்பது அழுகல்.

மீன் எத்தனை நாள் பசி தாங்கும்?

நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி உடலை 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கவே செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவு இல்லை. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். எனவே அதற்குச் சிறிது உணவே போதும். ஆயினும் நம்மைக் கண்டால் மேலே ஓடி வருகிறதே என்று கேட்பீர்கள். தங்கமீனுக்கு நம்மைப்போல் இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. எப்போது கொடுத்தாலும் அது உண்ண வரும். அதைப் பட்டினி என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு மூன்று நாள் வெளியூர் செல்வதானால் தீனிக்கு ஏற்பாடே வேண்டாம். நோயில்லாத, வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் வரை உணவின்றித் தாங்கும். அதற்கு மேற்பட்டால் ஒருவரின் உதவி வேண்டும். குஞ்சு மீன்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். குஞ்சுகள் இருந்தால் மீன் வளர்த்துப் பழகிய ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வதே நல்லது.

கடைகளில் ‘விடுமுறைத் தீனி’ என்று வெள்ளைக் கட்டி விற்கிறார்கள். அது மெல்லக் கரைந்து தீனியை விடும். சில தொட்டிகளில் நீரைக் கலக்கியும் விடும். மின்கலத்தில் சுழன்று வேளை தவறாமல் தீனி கொட்டும் கருவியும் உண்டு. எதை வாங்கினாலும், நாம் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

வெயிலும் மின்தடையும்

நம் ஊரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும். பூட்டிய வீட்டுக்குள் தொட்டி நீரும் சூடேறும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆதலால் கோடையில் பசியைவிடப் புழுக்கமே மீனுக்குப் பெரிய பகை. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் தொட்டி இருக்கட்டும். அதில் மீன்களும் நெருக்கமாக இருக்கக் கூடாது.

காற்றடிக்கும் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வழிந்து மோட்டாரும் தரையும் நனையும். ஆளில்லாத வீட்டில் இது பேராபத்து. மின்கம்பியும் பிளக்கைவிடத் தாழ்ந்து வளைந்து தொங்கினால், கம்பியில் வழியும் நீர் பிளக்குக்குள் புகாமல் கீழே சொட்டிவிடும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. இரண்டு நாள் முன்னதாகத் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

2. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவாதீர்கள். நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் போதும்.

3. புறப்படும் வாரத்தில் புதிய மீன் வாங்கி விடாதீர்கள். அது நோயுடன் வந்தால் கவனிக்க ஆளிராது.

4. பூனை எட்டாமலும் மீன் வெளியே துள்ளாமலும் இருக்க, தொட்டியின் மேல் காற்றுப் புகும் வலைமூடி போடுங்கள்.

5. மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைத் தீனி. அதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதுங்கள். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

6. உதவுபவருக்கு எல்லாவற்றையும் ஒருமுறை செய்து காட்டுங்கள். இறந்த மீனைக் கண்டால் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும், தொட்டியில் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள்.

ஏரியில் விடாதீர்!

“பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஏரியில் விட்டுவிடலாம்” என்று சிலர் எண்ணுவதுண்டு. அது கருணை ஆகாது. தொட்டியைச் சுத்தம் செய்யவென்று வளர்க்கப்படும் தென் அமெரிக்கச் சக்கர் மீன், இப்படி வெளியே விடப்பட்டுத் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. நம் ஊர் ஏரிக்கும் கெடிலத்துக்கும் அந்த நிலை வர நாம் காரணமாகலாமா?

மீண்டும் ஆயாவிடம்

ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் மறுபடியும் பத்து நாள் வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். எஞ்சிய மோலிக்குத் துணையாக வேறு நான்கு மோலிகளை வாங்கியிருந்தோம். யாரிடம் ஒப்படைப்பது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் ஆயாவிடமே சென்றேன். “வேணாம் கண்ணு, எங்கையால மறுபடியும் ஒரு பாவம் வேணாம்” என்று அவர்கள் மறுத்தார்கள். “தப்பு உங்களுது இல்ல ஆயா, எவ்வளவு போடணும்னு சொல்லாம போனது நான்தான்” என்றேன். மூன்று பொட்டலங்களைக் கையில் கொடுத்து, மூன்று நாளுக்கு ஒன்று என்று விளக்கினேன். வாயைத் திறந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது. ஐந்து மோலிகளும் கண்ணாடியருகே ஓடி வந்தன. ஆயா மூன்று வெற்றுக் காகிதங்களையும் மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துக் காட்டி, “எண்ணிப் பாத்துக்கோ” என்று சிரித்தார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அன்புக்கும் அளவு தெரிய வேண்டும். பிறரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்த அளவைச் சொல்லித் தருவது நம் கடமை. இதனை மனத்தில் கொண்டு, வரும் விடுமுறையில் நாமும் மகிழ்வோம்; நம்மை நம்பிய சிற்றுயிர்களையும் காப்போம்!