சாலையைக் கடக்க எத்தனை நொடி?

சாலைப் பாதுகாப்பு என்றதும் உறுதிமொழியும் பேரணியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஏழாம் வகுப்பு அறிவியலில் வரும் ‘விசையும் இயக்கமும்’ பாடத்தோடும் அதை இணைக்கலாம்.

சென்னையில் எங்கள் பள்ளிக்கு முன்னால் செல்வது நான்கு வழிச் சாலை. ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர் எனில், மொத்தம் 14 மீட்டர். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும் பொறியாளர்கள், நடைவேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் எனக் கொள்வது வழக்கம். அதன்படி 12 நொடி போதும். திடலில் 14 மீட்டருக்குக் கோடு போட்டு, புத்தகப் பையுடன் மாணவர்களை நடக்கவைத்தேன். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு 17, 18 நொடிகள் ஆயின. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரே நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும் என்பதையும் மாணவர்களே கணக்கிட்டார்கள். சாலையில் ஓடாதே என்கிறோம் நாம். 12 நொடி மட்டும் தரும் சிக்னலோ குழந்தையை ஓட வைக்கிறது.

தீர்வுகளும் இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கின்றன:

* பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டலாம்.
* சாலை நடுவே நின்று செல்லத் திட்டு அமைத்தால், ஒரு நேரத்தில் 7 மீட்டர் கடந்தால் போதும். ஒரு பக்க வாகனங்களை மட்டும் கவனிக்கலாம்.
* வெள்ளைக் கோடுகளுக்கு அருகில் வண்டி நிறுத்துவதைத் தடுத்தால், குழந்தையும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே பார்க்க முடியும்.

உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள். நடைநேரத்தைத் திடலிலேயே அளவிடுங்கள். மாணவர்களைச் சாலையில் இறக்க வேண்டாம். கிடைத்த அளவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனுவாக அனுப்பலாம். எத்தனை நொடி குறைகிறது என்று குறிப்பிட்டுக் கேட்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.