டப்பாவின் பின்பக்கம்

சென்ற ஆண்டு என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினான். நன்றாகப் படிக்கும் பிள்ளை. இப்போது ஒரு பத்தி படிப்பதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிடுவான். மதிய உணவையும் பாதியில் வைத்துவிடுவான்.

"மூளைக்குச் சத்து ஏத்தணும்னு சொல்றாங்க டீச்சர்" என்றார் அவன் அம்மா. கம்மலை அடகு வைத்து மூன்று வகை சத்து மாத்திரைகள் வாங்கியிருந்தார். நானும் என் பங்குக்கு, ஞாபக சக்திக்கு நல்லது என்று ஒரு டப்பா சத்துப் பவுடர் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த முறை அவர்களோடு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். வலிப்பு வராமலிருக்க அவன் ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிட்டு வந்தான். ஃபோலிக் அமிலம் கூடுதலாகச் சேர்ந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறையலாம், வலிப்பு வரவும் கூடும் என்றார். பவுடரில் ஃபோலிக் அமிலம் இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். மூளைக் காயத்துக்குப் பலரும் வாங்கும் சிட்டிகோலினை அமெரிக்காவில் 1,213 நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்குச் சிட்டிகோலின், மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 90 நாள்கள் கொடுத்தும் நினைவாற்றலிலோ அன்றாடச் செயல்பாட்டிலோ சிட்டிகோலினால் கூடுதல் பயன் தெரியவில்லை. 2012இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் உணவு முக்கியமில்லையா? மிக முக்கியம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. காயம் ஆறப் புரதமும் வேண்டும். ஆனால் அவன் ஏன் சாப்பிடவில்லை என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. கேட்டபோது, "சாம்பார் வாசனையே தெரியல டீச்சர்" என்றான். தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு மோப்ப உணர்வு குறைந்துவிடும், உணவும் ருசிக்காது.

சத்துணவுக்கூட அக்காவிடம் சொன்னேன். முட்டையில் மிளகுத்தூள் தூவி, சோற்றைச் சிறிது சிறிதாக இரண்டு முறை வைத்தார். காலை இடைவேளையில் வீட்டிலிருந்து சுண்டலோ வாழைப்பழமோ வந்தது. தட்டு காலியாகத் தொடங்கியது.

இத்தகைய மாணவர் நம் வகுப்புக்கு வந்தால் நாம் செய்யக்கூடியவை சில:

• சத்து மாத்திரையோ பவுடரோ நாமாகப் பரிந்துரைக்க வேண்டாம். வீட்டில் கொடுப்பவை அனைத்தையும் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம்.
• பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. பயம் வேண்டாம், அதையும் மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்வோம்.
• வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று பெற்றோருக்கு நினைவூட்டுவோம்.
• தட்டில் மீதம் வைத்தால் திட்டாமல் காரணம் கேட்போம்.
• பாடத்துக்கு நடுவே ஓய்வும், தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்கத் தலைமை ஆசிரியரிடம் பேசுவோம்.

இப்போது அவன் இரண்டு பக்கம் தொடர்ந்து படிக்கிறான். பழைய வேகம் இன்னும் வரவில்லை. அம்மாவின் கம்மலும் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அந்தப் பணத்தில் எத்தனை முட்டை வாங்கியிருக்கலாம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.