ஸ்ரீபெரும்புதூரின் நாளை: கடைவீதி சொல்லும் யோசனைகள்



ஊர் வளர்ந்தால் வணிகன் வளர்வான் என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த பேச்சு. நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் வளர்ந்திருக்கின்றன. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஊர் வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இராமானுசர் அவதரித்த தலம் இது. திருவிழாவையும் அறுவடையையும் நம்பிக் கடை நடத்திய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா, 2007-ல் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் என்று வரிசையாக வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் பேரூராட்சியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் வேலை செய்து, தங்கி, வாங்கிப் போகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் நகராட்சியாகத் தரம் உயர்ந்துவிட்டது. பெயர்ப் பலகை மாறினால் மட்டும் போதுமா?

இந்த எண்ணத்தோடு, கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள், வீட்டுக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், தொழிலாளர்கள் எனப் பலரிடமும் சில வாரங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வந்தேன்: "இன்னும் பத்து வருஷத்தில் இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும்?" கிடைத்த பதில்களை நம் உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

ஒற்றைக்கால் பந்தல்

முதலில் நம் அனுபவத்தைப் பார்ப்போம். நோக்கியா ஆலையில் உச்சகட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். கம்பெனியின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கு காரணமாக இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. வெளிநாட்டில் நடந்த விற்பனைக்கும் இங்கே சுங்குவார்சத்திரத்தில் இட்லிக்கடை போட்டவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வேலை போனவர்கள் அறையைக் காலி செய்தால் வீட்டு வாடகை நிற்கும், மெஸ் நிற்கும், மளிகை நிற்கும். பிறகு 2020 வாக்கில் சால்காம்ப் அந்த இடத்தில் வேலையைத் தொடங்கியது. ஆனால் இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்? பக்கத்து மறைமலைநகரிலும் 2022-ல் ஃபோர்டு கார் உற்பத்தி நின்றதைப் பார்த்தோம்.

ஆலை வருவதும் போவதும் நம் கையில் இல்லை. ஊரை வாழத் தகுந்ததாக வைத்திருப்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. ஊர் நன்றாக இருந்தால் ஒரு ஆலை போனாலும் ஜனங்கள் போகமாட்டார்கள். வேறு வேலை தேடிக்கொண்டு இங்கேயே இருப்பார்கள்.

மக்கள் சொன்னவை

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னார்: "ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினா, ரூமுக்குப் போற சந்துல ஒரு லைட் இல்லை ஐயா. எங்களுக்கு முதல்ல வெளிச்சம் வேணும்."

தூத்துக்குடியிலிருந்து கண்டெய்னர் ஓட்டி வரும் ஓட்டுநர், "வண்டியை நிறுத்த இடம், குளிக்க ஓர் இடம், கழிப்பறை. இது மூன்றும் இருந்தால் ரோட்டோரத்தில் ஏன் நிற்கப் போகிறோம்?" என்றார். சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலும் போய் வருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காசு செலவழிக்காமல் நண்பர்களோடு உட்கார ஓர் இடம் வேண்டுமாம். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து எழும் பிள்ளைகளுக்குப் பூங்கா என்பது ஆடம்பரம் அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏரியைப் பற்றிப் பேசினார். நம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குச் சொன்ன பாடம், வரத்துக் கால்வாயையும் கலங்கலையும் அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்பதுதான். "கம்பெனிக்கு ரோடு போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கால்வாயை விட்டுவிட்டுப் போடுங்கள்" என்றார்.

உள்ளூர்ப் பெற்றோர் பலர் சொன்னது ஒன்றே: "நிலம் எங்களுடையது, நிரந்தர வேலையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க, இங்கேயே தொழிற்பயிற்சி வேண்டும்."

நம் வியாபாரக் கணக்கு

இதில் வணிகர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு.

வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டிய மகளிர் விடுதி 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றே வைத்துக்கொள்வோம். நிரம்பிய நாளில் ஐந்தரை டன்னுக்கு மேல் வேண்டும். அதாவது 25 கிலோ சிப்பம் 225. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், காய்கறி எல்லாம் தனி. இது ஒரு விடுதியின் கணக்கு. இத்தனை ஆலைகளின் கேண்டீன்களைச் சேர்த்தால் எவ்வளவு!

இந்தக் கொள்முதலில் ஒரு பங்காவது உள்ளூர்க் கடைவீதிக்கு வரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் சும்மா கேட்டால் தரமாட்டார்கள். ஒரே தரம், சரியான எடை, ஜி.எஸ்.டி. பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், சொன்ன நேரத்தில் சரக்கு ஆகியவை வேண்டும். தனிக்கடையால் முடியாததைப் பத்துக் கடை சேர்ந்து செய்யலாம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும், அதன்பின் தேசிய நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததும் மறக்கக் கூடியவை அல்ல. நல்ல சரக்கு என்பது இந்த ஊரின் பெயரையே காப்பாற்றும் விஷயம்.

சொல்லும் இடத்தில் சொல்வோம்

டீக்கடையில் பேசிய யோசனை டீயோடு ஆறிப்போகும். சொல்ல வேண்டிய இடம் இருக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகர்ப்புறங்களுக்குப் பகுதி சபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1-ல் அது முதன்முதலாகக் கூடியபோது, பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். இந்தக் கூட்டங்களில் நம்மில் எத்தனை பேரைப் பார்க்க முடிகிறது?

வணிகர்கள் முன்வந்தால் நடக்கும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. அங்கே பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் சங்கம் அரசோடு கைகோத்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறன் கொண்ட குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறிய ஊரால் முடியாது என்பவர்கள் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையைப் பார்க்கட்டும். அந்த ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மீதி மின்சாரத்தை விற்று வருமானம் பார்த்தது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை:

1. அடுத்த பகுதி சபைக்கும் கிராம சபைக்கும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு வணிகர்களாவது போகவேண்டும். கோரிக்கை ஒரே பக்கத்தில், எந்தச் சந்து, எத்தனை விளக்கு என்ற விவரத்தோடு இருக்கட்டும்.

2. லாரி நிறுத்துமிடம், கழிப்பறை, பூங்கா, கால்வாய் தூர்வாருதல் ஆகியவற்றுக்கு ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுச் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும்.

3. கேண்டீன், விடுதிக் கொள்முதலுக்காகச் சங்கத்தில் ஒரு குழு அமைய வேண்டும்.

4. கேட்பதற்கு முன் நம் பங்கைச் செய்வோம். கடைக்கு முன் நடைபாதையை விட்டுவைப்போம். குப்பையைப் பிரித்துக் கொடுப்போம். இரவு ஷிப்ட் பஸ் வரும் நேரம் வரை வாசல் விளக்கை எரியவிடுவோம். தள்ளுவண்டிக்காரரை விரட்டவேண்டாம். அவர் நம்மிடம்தான் எண்ணெயும் மைதாவும் வாங்குகிறார். அவருக்கும் முறையாக ஓர் இடம் கேட்போம்.

இதில் நான்காவதற்கு மனு வேண்டாம், நிதி வேண்டாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். இன்று இரவு கடை சாத்தும்போதே தொடங்கலாம்.